'வேல்யூ' விழுங்கிய சொற்கள்

தமிழர் நாவில் இற்றை நாளில் ஓயாது புரளும் ஆங்கிலச் சொற்களுள் 'வேல்யூ' என்பதும் ஒன்று. நிலத்திற்கு வேல்யூ, நகைக்கு வேல்யூ, பட்டத்திற்கு வேல்யூ, பேச்சுக்கு வேல்யூ, மணமகனுக்கும் வேல்யூ! கடைத்தெருவில் மட்டுமன்றிக் கல்லூரி மேடையிலும் இச்சொல்லின் ஆட்சியே நடக்கிறது. ஓர் அயற்சொல் உள்ளே நுழைந்தால் ஒரு தமிழ்ச்சொல் வெளியேறும் என்பது பொதுவான அச்சம். இச்சொல்லோ ஏழெட்டுத் தமிழ்ச்சொற்களை ஒருங்கே விழுங்கியிருக்கிறது. அதனினும் கொடிது, அச்சொற்கள் தனித்தனியே காத்துவந்த கருத்து வேறுபாடுகளையும் சேர்த்து விழுங்கியமை.

முதற்கண் அதன் பிறப்பை நோக்குக. வலிமையுடன் இருத்தல் என்னும் பொருள்தரும் 'வலேரே' என்னும் இலத்தீன் வினையினின்று, பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலம் புகுந்தது அது. செல்லுபடியாதலைக் குறிக்கும் 'வேலிட்' என்பதும் அவ்வேரினின்று முளைத்ததே. விலையைக் குறிக்கும் 'பிரைசு', பாராட்டைக் குறிக்கும் 'பிரெய்சு' ஆகிய இரண்டும் வேறோர் இலத்தீன் வேரின. 'வொர்த்து' என்பதொன்றே ஆங்கிலர்க்குச் சொந்தமான செருமானியக் கிளைச்சொல். வழிபாட்டைக் குறிக்கும் 'வொர்சிப்' அதனடிப் பிறந்தது. ஆங்கிலன் இவற்றை இடமறிந்து ஆள்கிறான். ஒன்றை மட்டும் கடன்வாங்கி எல்லா இடத்தும் இட்டு நிரப்புபவன் தமிழனே.

'இந்த மாடு என்ன பெறும்?' என்பது உழவர் வழக்கு. பெறுதல் என்னும் வினைக்கு அடைதல் என்பதோடு, இன்ன விலைக்கு ஒத்ததாதல் என்னும் பொருளும் உண்டு. 'காற்காசு பெறாத பேச்சு' என்று பாட்டிமார் சொல்வதும் இதுவே. ஈழத்தமிழர் இவ்வினையைக் கைவிட்டிலர். இலங்கையில் 2002-இல் வந்த வரியைப் 'பெறுமதி சேர் வரி' என்றனர். தமிழ்நாட்டில் 2007 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த அதே வகை வரி 'மதிப்புக் கூட்டு வரி' எனப்பட்டது. இங்குள்ள கணக்கு நூல்களில் 'இடமதிப்பு', அங்கே 'இடப்பெறுமானம்'. இரண்டும் தமிழே. ஆயினும் இவற்றிடையே நுண்ணிய வேறுபாடு உண்டு. மதித்தல் மதிப்பவன் செயல். பெறுதல் பொருளின் நிலை. ஒரு வீட்டை ஒருவர் இருபது இலக்கம் என மதிக்கலாம். அது பதினைந்து இலக்கமே பெறலாம். குத்துமதிப்பு என்று ஒரு சொல் உண்டே தவிரக் குத்துப்பெறுமானம் என்று யாரும் சொல்வதில்லை. இவ்விரண்டையும் 'வேல்யூ' என்று ஒரே வாயில் போட்டு மெல்பவர்க்கு இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றும்?

செல்லுதல் வேறு. 2016 நவம்பர் 8-ஆம் நாளிரவு, 500 உருபா, 1000 உருபாத் தாள்கள் செல்லா என்று நடுவணரசு அறிவித்தது. தாளில் அச்சிட்டிருந்த மதிப்பு மாறவில்லை, செல்லுதல்தான் நின்றது. அன்று எழுத்தறியாத கிழவியும் 'செல்லாது' என்றே சரியாகச் சொன்னாள். படித்தவரே 'நோட்டுக்கு வேல்யூ இல்லை' என்றனர்.

அருமை என்பதோ இவை யாவற்றினும் ஆழமானது. பொருளியல் அறிஞர் ஆடம் சுமித்து 1776-இல் வெளியிட்ட பெருநூலில், தண்ணீரையும் வயிரத்தையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டினார். தண்ணீரால் வரும் பயனோ மிகுதி. அதைக் கொடுத்து வாங்கத்தக்கதோ ஒன்றுமில்லை. வயிரத்தின் பயன் சிறிது. அதற்கு மாற்றாகக் கிடைப்பதோ பெரிது. இரண்டையும் 'வேல்யூ' என்னும் ஒரே சொல்லால் குறிக்க வேண்டியிருந்தமையால், பயன்பாட்டு மதிப்பு, மாற்று மதிப்பு என அடைகொடுத்துப் பிரித்தார். கிடைத்தற்கு அரிதாதலையும் கடைசி அலகின் பயனையும் கொண்டு, 1871-இல் செவன்சும் மெங்கரும் தனித்தனியே இதற்கு விடை கூறினர். தமிழில் 'அரு' என்னும் அடி அரிதாதலையும் குறிக்கும். அதன் விளைவான உயர்வையும் குறிக்கும். வறண்ட கோடையில் ஒரு குடம் நீருக்கு வரிசையில் நிற்பவர் நீரின் அருமை தெரிகிறது என்பர்; நீரின் விலை தெரிகிறது என்னார். இதனால் பொருளியலைத் தமிழரே முதலிற் கண்டனர் என்று மார்தட்ட வேண்டுவதில்லை. அவ்வளவு கூர்மையான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டைச் சொல்லை இரவல் வாங்குவானேன் என்பதே வினா.

விலையென்பது விற்றலடியாகப் பிறந்தது. விற்கப்படாததற்கு விலையில்லை. 'விலையிலா மணி' என்றால் விலை கூற இயலாத மணி என்பது பழைய வழக்கு. 2011-க்குப் பின் தமிழ்நாட்டரசு 'இலவச' என்பதை நீக்கி 'விலையில்லா' என்று வழங்கலாயிற்று. விலையில்லா மடிக்கணினி என்றால் விலைமதிக்கவொண்ணாத கணினியோ, காசின்றித் தரும் கணினியோ என்று இலக்கணம் கற்றவர் சிறிது நகைக்கலாம். ஆயினும் அயற்சொல் நீங்கியது நன்றே.

இச்சொற் குழப்பத்தின் மெய்யான தீங்கு மாந்தரைப் பற்றிப் பேசும்போதே வெளிப்படுகிறது. 1948-இல் ஒன்றிய நாடுகள் வெளியிட்ட உலக மாந்தவுரிமைச் சாற்றுரையின் முன்னுரை, மாந்தனின் மாண்பையும் பெறுமானத்தையும் இரு வேறு சொற்களால் அடுத்தடுத்துக் கூறுகிறது. அதன் முதல் உறுப்பின் தமிழாக்கத்தில் மாண்பு நிற்கவேண்டிய இடத்தில் 'மதிப்பு' நிற்கிறது. மதிப்புப் பிறர் கொடுப்பது. பிறர் மறுத்தால் இல்லாமற் போவது. மாண்போ பிறப்பொடு வந்தது. (அமைச்சர் பெயரோடு ஒட்டப்பெற்ற 'மாண்புமிகு', அது நாற்காலியோடு வந்து நாற்காலியோடு போவது என்னும் மயக்கத்தை விளைத்துவிட்டது.) மணமகனுக்கு 'மார்க்கெட் வேல்யூ' பேசும் வீட்டார் அதனை நாகரிகப் பேச்சென்று எண்ணுகின்றனர். 'பையன் என்ன விலை?' என்று தமிழிற் கேட்டுப் பாருங்கள். கேட்டவர் முகமும் சிவக்கும், விற்பவர் முகமும் சிவக்கும். மணக்கொடையைத் தடுக்கும் சட்டம் 1961-இலேயே வந்தும், மணக்கொடை நிற்கவில்லை. பெண்ணுக்குப் பரியம் கொடுத்து மணந்த குடிகள் பல இருந்த நாட்டில், ஆண்மகனை விலைகூறும் இழிவுக்கு ஆங்கிலச் சொல் போர்வையாகிறது.

இனிப் பள்ளிக்கு வருவோம். மதிப்புக் கல்வி, விழுமியக் கல்வி, நன்னெறிக் கல்வி என ஒரே பாடத்திற்குப் பல பெயர்கள். இவற்றுள் 'மதிப்புக் கல்வி' ஆங்கிலத்தின் நிழல். எதன் மதிப்பு என்று மாணவன் கேட்டால் விடையில்லை. விழுமியம் புதிய ஆக்கமே. ஆயினும் அதன் அடி பழையது. விழுமம் என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் சீர்மையென்றும் பொருள் கூறினார், இடும்பையென்றும் கூறினார். ஒழுக்கமுடைமை அதிகாரத்தின் முதற்குறளிலேயே 'விழுப்பம்' அமர்ந்திருக்கிறது. கடினச்சொல் என்று இதனை ஒதுக்குவோர், பத்து வயதுச் சிறுவன் 'வேல்யூ எஜுகேசன்' என்பதை எவ்வளவு எளிதாக விளங்கிக்கொண்டான் என்று கூறட்டும். பெயர் எதுவாயினும், தேர்வு நெருங்கும்போது அப்பாடவேளை கணக்கிற்கும் அறிவியலுக்கும் கடன்கொடுக்கப்படுகிறது. அதற்கு மதிப்பெண் இல்லை. ஆகலின் 'வேல்யூ இல்லாத பீரியடு' என்று மாணவரே அதற்குப் பெயரிட்டிருக்கின்றனர்.