எஞ்சினுக்கு முன்னால் பிரேக்

சிம்பாங் ரெங்கம் டோல் சாவடியில் நுழைந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். ஆனால் 1994இல் மலேசியாவின் பெரோடுவா கஞ்சில் கார் வெளிவந்தபோது அதன் 660 சிசி எஞ்சின் தந்தது சுமார் 31 குதிரைத்திறன். நாலு பேர் ஏறினாலே மேட்டில் திணறும் வண்டி அது. தோட்டத்தை விட்டு வெளியேறிய எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் முதல் கார். அப்பாவின் கஞ்சிலை விற்க மனமில்லாத பிள்ளை அதற்கு வேறு எஞ்சின் தேடுவதைக் குற்றம் சொல்ல முடியாது.

தேடல் பெரும்பாலும் ஜப்பானில் போய் முடியும். கஞ்சிலின் மூலம் டைஹாட்சு மீரா. அதன் டர்போ ரகங்களின் திறன் 64 குதிரைத்திறன். சிறு கார்களுக்கு அதற்கு மேல் போவதில்லை என்று ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட எல்லை அது. முன்பாதியை அறுத்து எடுத்துவரும் ‘ஹாஃப் கட்’டில் எஞ்சின், கியர் பெட்டி, வயரிங், கணினிப் பெட்டி எல்லாம் கிடைக்கும். ஆரம்பகாலக் கஞ்சிலில் இருப்பதோ கார்புரேட்டர். ஆகவே எரிபொருள் பம்ப் முதல் ரேடியேட்டர் வரை மாற்றியாக வேண்டும். கைதேர்ந்த மெக்கானிக்குகள் இதையெல்லாம் அழகாகவே செய்கிறார்கள்.

சிக்கல் நிற்கும் இடத்தில்தான். வேகம் 60இலிருந்து 110க்கு ஏறும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேலாகிறது. 31 குதிரைத்திறனுக்கு அளவெடுத்த பிரேக்கும் ஒல்லி டயரும் அப்படியே இருக்க, எஞ்சின் மட்டும் இரண்டு மடங்கானால் அந்த வண்டி சாலையில் மற்றவர்களுக்கும் ஆபத்து. அதே ‘ஹாஃப் கட்’டிலேயே முன்சக்கர பிரேக்கும் வருகிறது. காசை மிச்சம் பிடிக்க அதைக் கழித்துவிடுவது கொடுமை.

இங்கிலாந்தின் மினி காரைப் பாருங்கள். 1959இல் 848 சிசி, 34 குதிரைத்திறன். 1961இல் பந்தயக் கார் தயாரிப்பாளர் ஜான் கூப்பரின் கைவண்ணத்தில் அது 997 சிசி, 55 குதிரைத்திறன் ஆனபோது முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே வந்தது. 1963இன் கூப்பர் எஸ் காரில் எஞ்சினோடு டிஸ்க்கும் பெரிதானது. 1964இல் பேடி ஹாப்கிர்க் மான்டே கார்லோ பந்தயத்தை வென்றது அந்தக் காரில்தான்.

மலேசிய நடைமுறையில் ஓர் ஓட்டை உண்டு. சாலை வரி சிசியைப் பார்க்கிறது. 1000 சிசி வரை ஆண்டுக்கு 20 ரிங்கிட். பழைய எஞ்சினும் 660, டர்போவும் 660. திறன் இரட்டிப்பானாலும் வரி ஒரு சென் கூடாது. எஞ்சின் மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதலோடு கிராண்டில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில், பதிய வேண்டும், வாகனப் பரிசோதனையும் உண்டு. பதியாமல் ஓட்டினால் விபத்து நாளில் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும்.

அந்தப் பதிவில் சிசியோடு குதிரைத்திறனையும் எழுத வேண்டும். திறன் கூடிய வண்டிக்கு அதற்கேற்ற பிரேக்கும் டயரும் இருக்கின்றனவா என்று சோதித்த பிறகே அனுமதி தர வேண்டும். கூடவே கட்டணத்தையும் அலைச்சலையும் குறைத்தால், பட்டறைக்காரரே வாடிக்கையாளரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவார்.