சேனல் நூறு, ஓனர் எத்தனை பேர்? ராஜபாளையத்திலிருந்து ஒரு கணக்கு

ராஜபாளையம் டீக்கடை ஒன்றில் பேப்பர் புரட்டுபவரிடம் செய்திக்குப் பஞ்சமா என்று கேட்டுப் பாருங்கள். "டிவியில நூறு சேனல் ஓடுது, போன்ல வேற கொட்டுது" என்பார். எண்ணிக்கை சரிதான். ஆனால் எண்ண வேண்டியது சேனலை இல்லை, ஓனர்களை.

எண்ணுவோமா? தினத்தந்தி 1942-ல் மதுரையில் பிறந்த பேப்பர். மாலை மலர், தந்தி டிவி, ஹலோ எஃப்.எம். எல்லாம் அதே வீடு. 1993-ல் தொடங்கிய சன் டிவி குழுமம் 2005-ல் தினகரனை வாங்கியது, சூரியன் எஃப்.எம்.மும் அவர்களுடையதுதான். விஜய் டிவி, கலர்ஸ் தமிழ், ஹாட்ஸ்டார் மூன்றும் 2024 நவம்பர் இணைப்புக்குப் பிறகு ரிலையன்ஸ் கட்டுப்பாட்டில். நியூஸ்18 தமிழ்நாடும் ரிலையன்ஸ் பக்கம்தான். உங்கள் போனில் இருப்பது ஜியோ சிம் என்றால், செய்தி வரும் பாதையும் அவர்களுடையதே. மீதியில் கலைஞர், ஜெயா, மக்கள், நியூஸ் ஜெ என்று கட்சி சார்ந்தவை பல. ரிமோட்டில் நூறு பட்டன். ஓனர்களை எண்ணினால் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதைவிடப் பெரிய சங்கதி கேபிள். சேனல் யாருடையது என்பது பாதிக் கதை. அதை வீட்டுக்குக் கொண்டுவரும் ஒயர் யார் கையில் என்பது மறுபாதி. தமிழ்நாட்டு நகரங்களில் ஒரு காலத்தில் சன் குடும்பத்தின் சுமங்கலி கேபிள் விஷன் கொடிகட்டிப் பறந்தது. 2007 மே 9 அன்று, தினகரனில் வந்த ஒரு கருத்துக்கணிப்பைத் தொடர்ந்து அதன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு 3 ஊழியர்கள் உயிரிழந்தார்கள். குடும்பத்தில் விரிசல். அதே ஆண்டில் கலைஞர் டிவியும் வந்தது, அரசு கேபிள் நிறுவனமும் வந்தது. 2008 டிசம்பரில் குடும்பம் சமாதானமானதும் அரசு கேபிள் படுத்துவிட்டது! 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அதை மாதம் 70 ரூபாய்க்கு மறுபடி ஓடவிட்டார். மக்களுக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒயர் அரசு கைக்குப் போனது. 2018-ல் கோவை விவாத நிகழ்ச்சி சர்ச்சைக்குப் பிறகு புதிய தலைமுறை அரசு கேபிள் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. யாரும் தடை போடவில்லை. தேடினால் மட்டும் கிடைக்கிற இடத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான்.

கட்சிகளும் அரசுகளும் ஒளிபரப்பிலும் கேபிளிலும் இறங்கக் கூடாது என்று டிராய் பலமுறை பரிந்துரைத்துவிட்டது, 2014 ஆகஸ்டிலும். சட்டமாகவில்லை. யார் கொண்டுவருவார்கள், சொல்லுங்கள்?

சரி, இதில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் என்ன?

இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். மாவட்டம் விருதுநகர், எம்.பி. தொகுதி தென்காசி, பெரிய பேப்பர்கள் அச்சாகும் ஊர் மதுரை. ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேர் என்றால் கேமராக்கள் வந்து நிற்கும். நகராட்சிக் கூட்டத்தில் குடிநீர்க் குழாய்க்கோ சாக்கடைக்கோ எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேட்க எத்தனை பேர் வருவார்கள்? பெரிய குழுமத்துக்கு அது இலாபம் தராத செய்தி. அந்தக் காலியிடத்தில்தான் இன்று உள்ளூர் யூடியூப் சேனலும் வாட்ஸ்அப் குரூப்பும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. சிலர் நன்றாகவே வேலை பார்க்கிறார்கள். ஆனால் மில்லோ ஜவுளிக்கடையோ தரும் விளம்பரத்தில் ஓடும் சேனல், அந்த மில்லின் கழிவுநீரைப் பற்றி வாய் திறக்க யோசிக்கும். பெரிய குழுமத்தில் இருக்கும் அதே சிக்கல், சின்ன சைஸில்.

நாங்களும் ஒரு குழுமத்தின் பேப்பர்தான்; வெளியே நின்று கல்லெறியவில்லை. அச்சுப் பேப்பரின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயர் இருக்கும், சட்டப்படி. நேற்று நீங்கள் ஃபார்வர்ட் செய்த வீடியோவில் அந்த ஒரு வரி இருந்ததா?