காற்றின் கணக்கு யார் கையில்?

தில்லியின் பரப்பு 1,483 சதுர கிலோமீட்டர். அங்கே காற்றின் மாசை இடைவிடாது அளந்து சொல்லும் அரசாங்க நிலையங்கள் 2025-இல் ஏறத்தாழ 40 இருந்தன. வகுத்துப் பார்த்தால் நிலையம் ஒன்றின் பங்குக்கு 37 சதுர கிலோமீட்டர் வந்தது. நம் வடக்கு வளாகத்தில் ஒரு நிலையம் இருப்பது நம் நல்லூழ். ஆயின் அது காட்டும் எண் கமலா நகர்ச் சந்தைக்கும் திமார்பூர்ச் சாலைக்கும் பொருந்துமா? தந்தூர் அடுப்பின்முன் நாள் முழுதும் நிற்பவரும், விடுதி அறையில் சன்னலைச் சாத்திக்கொண்டு படிப்பவரும் ஒரே காற்றையா உட்கொள்ளுகிறார்கள்?

மாணவ நண்பர்களே, இதிலே கூலிப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது. மாநகர் முழுவதற்கும் சராசரி எடுத்த காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினால் கட்டட வேலைகளிற் பெரும்பாலானவை நிறுத்தப்படுகின்றன. அன்று சித்தாள் வேலைக்கு வந்தவள் வெறுங்கையோடு திரும்புகிறாள். நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காற்றில் அவளை வேலை வாங்குவது கொடுமை. ஆனால், அவள் அடுப்பு எரிவதும் அணைவதும் எந்த எண்ணைப் பொறுத்ததோ, அந்த எண் அவள் குடியிருக்கும் சந்தில் அளந்து பெற்றதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டன்றோ?

2015 ஜூனில் மத்திய அரசாங்கம் 'ஸ்மார்ட் சிட்டி' திட்டத்தைத் தொடங்கிற்று. நாடெங்கும் 100 நகரங்கள். புது தில்லி நகராட்சி மன்றத்தின் பகுதி, 2016 ஜனவரியில் வெளிவந்த முதல் 20 பெயர்களுள் ஒன்று. 2025 மார்ச் 31-இல் திட்டம் முடிவுற்றது. அது விட்டுச் சென்றவற்றுள் கண்ணைப் பறிப்பது கட்டுப்பாட்டு மையம். சுவர் நிறையத் திரைகள். அவற்றிலே போக்குவரத்து, தெருவிளக்கு, குப்பை வண்டி எல்லாம் ஓடுகின்றன. மையம் வேண்டியதுதான். அதன் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதே என் கேள்வி. உள்ளே இருப்பவர் நகரைப் பார்க்கிறார். நகரத்தார் அந்தத் திரையைப் பார்ப்பது எப்போது?

சட்டத்திற்குப் பஞ்சமில்லை. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே அலுவலகங்கள் விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது. 2012-இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையும் வந்துவிட்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்று நிலையங்களின் அளவுகளை இணையத்தில் யாவரும் காண வைத்திருக்கிறது, பாராட்டத்தக்க செயல். இந்த வழக்கம் கால்வாயின் நீர்மட்டத்துக்கும் குப்பை வண்டியின் வருகைக்கும் பரவ வேண்டும்.

அதுவரை கைகட்டி இருப்பதா? 2011-இல் ஜப்பானில் புகுஷிமா அணு உலை விபத்து நேர்ந்தபோது, தம் தெருவில் கதிர்வீச்சு எவ்வளவு என்று மக்கள் தவித்தனர். 'சேஃப்காஸ்ட்' என்னும் தொண்டர் குழு கைகர் கருவிகளைக் காரில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராய் ஓடி அளந்தது. திரட்டியதை உரிமை கோராது உலகுக்கு வழங்கிற்று. 2015-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தார் தாமே கோத்த தூசிக் கருவிகளை மாடி முகப்புகளில் தொங்கவிட்டு, வைஃபை வழியாக ஒரே வரைபடத்தில் சேர்த்தனர். அந்த முயற்சி இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது.

"மலிவுக் கருவி பொய் சொல்லுமே" என்பார் நம் பௌதிகத் துறை நண்பர்கள். சொல்லும்தான். லேசர் ஒளி தூசியிற் பட்டுச் சிதறுவதைக்கொண்டு அது கணக்கிடுகிறது. தில்லியின் மூடுபனிக் காலையில் துகள்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். கருவி உள்ளதைக் காட்டிலும் கூட்டிச் சொல்லும். இதற்கு மருந்து உண்டு. அரசாங்க நிலையத்தின் பக்கத்திலேயே கருவியை இரண்டு வாரம் வைத்து, இரண்டின் எண்களையும் ஒப்பிட்டு, வேறுபாட்டைத் திருத்தும் சூத்திரம் காண வேண்டும். குளிருக்குக் கண்டது கோடைக்கு உதவாது. பருவந்தோறும் திரும்பச் செய்யவேண்டும். திருத்திய எண்ணோடு திருத்தாத எண்ணையும் வெளியிட வேண்டும் என்பது என் பிடிவாதம். அப்படிச் செய்யாதவர், கட்டுப்பாட்டு மையத்தைக் குறைகூறத் தகுதியற்றவர்.

இன்னொன்று. நாம் அளப்பது தூசியை, ஆளை அன்று. காமிரா, ஒலிவாங்கி எதுவும் அந்தப் பெட்டிக்குள் நுழையலாகாது.

பத்துக் கருவிகள் போதும். ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ஆண்டு விழாவுக்கு நாம் செய்யும் செலவை எண்ணினால் பெரிதன்று. முதல் இரண்டு வாரம் வளாகத்து நிலையத்தின் அருகே. பிறகு கமலா நகர், மால்கா கஞ்ச், திமார்பூர், கட்டடத் தொழிலாளர் தங்கும் கொட்டகைகள். கடைக்காரர் மின்சாரம் தர மறுப்பார். இந்தியில் கெஞ்சத் தெரிந்தவர் நம்மில் சிலர் உண்டு.

சிக்கல் டிசம்பரில்தான். தேர்வு முடிந்ததும் நாம் அனைவரும் தமிழ்நாடு விரைவு வண்டியைப் பிடிக்க ஓடுவோம். காற்று மிகவும் கெடுவதும் அந்த நாட்களில்தான். ஊருக்குப் போகாத ஆராய்ச்சி மாணவர் இருவர் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள முன்வந்தால், தீபாவளிக்கு முன்பே தொடங்கிவிடலாம்.