சிவப்பா, நீலமா... பைக்குக்கு எந்த கிரீஸ்?

மழைக்காலம் முடிந்து பைக்கை சர்வீஸுக்கு விடுகிறவர்கள், இன்ஜின் ஆயில் என்ன பிராண்ட், என்ன கிரேடு என்று விசாரிப்பார்கள். கிரீஸைப் பற்றிக் கேட்பவர்கள் அபூர்வம். பட்டறையில் திறந்து கிடக்கும் டப்பாவில் விரலை விட்டு எடுத்து, வீல் பேரிங்கிலிருந்து பிரேக் வரை அதையே தடவிவிடுவார் மெக்கானிக். பேரிங்குக்கு அது சரியாகக்கூட இருக்கலாம். பிரேக்கில்தான் வம்பு.

கிரீஸ் என்பது ஆயிலும், அதை ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கும் ஒருவகை சோப்பும் கலந்த கலவை. அந்த சோப்பைப் பொறுத்துத்தான் குணம் மாறும். சாதாரண கால்சியம் கிரீஸ் தண்ணீருக்கு அசராது. ஆனால், வெப்பம் 100 டிகிரியை நெருங்கினால் இளகி ஓடிவிடும். லித்தியம் வகை இளக சுமார் 180 டிகிரி வேண்டும். லித்தியம் காம்ப்ளெக்ஸ் அதைவிடவும் தாங்கும். சிவப்பு, நீலம், பச்சை என்று இருப்பதெல்லாம் வெறும் சாயம். நிறத்தைப் பார்த்து வாங்குவது வீண்.

டப்பாவில் பார்க்க வேண்டியது 'என்.எல்.ஜி.ஐ.' எண். அது கெட்டித்தன்மையின் அளவு. 000 என்றால் ஏறக்குறைய ஆயில் மாதிரி, 6 என்றால் கட்டி. வீல் பேரிங்குக்கும், ஹேண்டில்பாரின் கோன் செட்டுக்கும் 2 அல்லது 3 எண் கொண்ட லித்தியம் கிரீஸ் போதும். கடைகளில் 'ஏபி3' என்று கேட்டால் தருவது 3-ம் எண்தான். பழைய கிரீஸ் மீதே புதியதை அப்பக் கூடாது. இரண்டு வகை சோப்பு ஒத்துப்போகாவிட்டால் கலவை நீர்த்து வெளியே வழிந்துவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே புது கிரீஸ். இருபுறமும் மூடிய சீல்டு பேரிங் என்றால் இந்த வேலையே இல்லை. தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான்.

இனி பிரேக். டிஸ்க் பிரேக் காலிப்பரில் இரண்டு பின்கள் முன்னும் பின்னும் வழுக்கிப் போய்வரும். அவற்றைச் சுற்றி ரப்பர் உறை இருக்கும். சாதாரண கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும், பின் இறுகிக்கொள்ளும். லீவரை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், டிஸ்க் கொதிக்கும், ஒரு பேட் மட்டும் சீக்கிரம் தேயும். இங்கே பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ்தான் வேண்டும். சின்ன டியூப் ஒன்று பல சர்வீஸ்களுக்கு வரும்.

டிரம் பிரேக்கில் ஆபத்து வேறு மாதிரி. ஷூவை விரிக்கும் கேமுக்கு அதிக வெப்பம் தாங்கும் கிரீஸ், அதுவும் மெல்லிய பூச்சாக மட்டும். தாராளமாக அப்பினால் சூட்டில் இளகி ஷூ மேலேயே வழியும். பிறகு பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். கிரீஸ் ஊறிய ஷூவை பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளில் தேய்த்துத் திரும்ப மாட்டுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம், புது ஷூவே போடச் சொல்லுங்கள்.

செயினுக்கு கிரீஸ் பூசும் பழக்கம் இன்னும் பலரை விட்டபாடில்லை. அதில் மணலும் தூசியும் ஒட்டி, செயினை அரம் போல அராவிவிடும். செயின் ஸ்பிரேயோ, 90 எண் கியர் ஆயிலோ போதும். பேட்டரி முனைகளுக்கு? வீட்டிலிருக்கும் வாசலினே நன்றாக வேலை செய்யும்.