ஷிப்பும் டவுன்ஷிப்பும்

நெய்வேலியில் ‘ஷிப்’ என்றால் டவுன்ஷிப் ஒன்றுதான். ப்ளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி, “குந்தவை, வந்தியத்தேவன்தான் என் ஷிப். ஏயூல ஒரு ஓஎஸ் எழுதியிருக்கேன்” என்று தோழியிடம் சொன்னால், பக்கத்தில் நிற்கும் பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. “என்னம்மா, கப்பலா? தமிழும் இல்லாம இங்கிலீஷும் இல்லாம இது என்ன பாஷை?” அதோடு விட்டால் பரவாயில்லை. “அடுத்தவன் எழுதினதைத் திருடறதுக்கு இத்தனை பேரு வேறயா” என்று முத்திரையும் குத்திவிட்டுத்தான் நகர்வார்.

சிரிக்கிறவர் யார்? முப்பது வருஷம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சாப்பிடும்போதுகூட ‘ஓவர்பர்டன்’, ‘பக்கெட் வீல்’, ‘ஸ்பிரெடர்’ என்று பேசியே பிள்ளைகளை வளர்த்தவர். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண் ஓவர்பர்டன். அதை வெட்டி அள்ளுவது பக்கெட் வீல். அள்ளியதைக் கொண்டுபோய்க் கொட்டிப் பரப்புவது ஸ்பிரெடர். தொழில் தெரிந்தவர்களுக்குள் சுருக்கமாகப் பேசிக்கொள்ள ஏற்பட்ட மொழி. வெளியூர் மாப்பிள்ளைக்கு ஒரு மண்ணும் புரியாது (சிலேடை தானாக வந்து விழுந்தது :-)). அதை யாரும் கேலி செய்வதில்லை, ஏனென்றால் அது சம்பளம் வரும் வேலை. சம்பளமில்லாமல், ஆசைக்காகப் பெண்பிள்ளைகள் எழுதும் இடத்தில் மட்டும் அதே மாதிரிச் சொற்கள் உளறலாகிவிடுகின்றன!

அந்தச் சொற்கள் என்ன வேலை செய்கின்றன என்று கேட்டாரா? ‘கேனன்’ என்றால் மூல ஆசிரியர் எழுதியது. வேதநூலுக்குரிய சொல்லை ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளுக்கு விளையாட்டாகப் பொருத்தியதில் தொடங்கிய வழக்கம் இது. ‘ஏயூ’ என்றால் பாத்திரங்கள் அவர்களே, உலகம் வேறு. ‘ஓஎஸ்’ ஒரே பகுதியில் முடிந்துவிடும். ‘ஷிப்’ என்பது 1990களில் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ ரசிகர்கள் ‘ரிலேஷன்ஷிப்’பை நறுக்கி எடுத்த வால். ‘மேரி சூ’ எல்லாவற்றையும்விட சுவாரசியம். சகலகலாவல்லியான ஒரு கதாநாயகியைக் கதைக்குள் நுழைத்து, அவள் வழியாகத் தானே உலா வரும் பழக்கத்தை, 1973-ல் பாலா ஸ்மித் என்கிற ‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகையே நையாண்டி செய்து வைத்த பெயர். தன் கூட்டத்தின் அசட்டுத்தனத்துக்குத் தானே பெயர் வைத்துச் சிரிக்கிற கூட்டம் எத்தனை இருக்கிறது?

ஆக, ஒவ்வொரு சொல்லும் ஒரு லேபிள். இது மூலம், இது என் கைவரிசை, இந்த இடத்தில் மாற்றியிருக்கிறேன் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறது. எந்தத் திருடன் லேபிள் ஒட்டிவிட்டுத் திருடுகிறான்? திருட்டுப் பேச்சே பொன்னியின் செல்வனிடம் எடுபடாது. தாம் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் எழுதட்டும் என்று கல்கியே முடிவுரையில் வழிவிட்டுப் போனார். விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ அந்தக் கதையின் தொடர்ச்சிதான். அதைப் பெரியவர் வாங்கிப் படித்திருப்பார். கல்கியின் எழுத்துகள் 1999-லேயே நாட்டுடைமையும் ஆகிவிட்டன.

இன்னொரு வேடிக்கை. 2022, 2023-ல் மணிரத்னம் படம் இரண்டு பாகமாக வந்தபோது “மணிமேகலை எங்கே?” என்று கொதித்தவர்களும் இதே பெரியவர்கள்தான். கேனனுக்காகச் சண்டை போட்டார்கள், பெயர் தெரியாமலே.

தமிழுக்கு இந்த லேபிள் புதுசா என்ன? முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று நான்காக வகுத்து வைத்தது தொல்காப்பியம். நன்னூல் சார்புநூல் என்று இன்னொன்றைச் சேர்த்தது. லேபிள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கம்பராமாயணமே சாட்சி. யார் யாரோ பாடல்களைச் செருகினார்கள், பெயரும் போடவில்லை, குறிப்பும் வைக்கவில்லை. பிற்காலத்துப் பதிப்பாசிரியர்கள் ஏடுகளை ஒப்பிட்டு ‘மிகைப்பாடல்கள்’ என்று தனியே பிரித்து அச்சிட வேண்டியதாயிற்று. செருகல் என்று டி.கே.சி. தள்ளிய பாடல்களைப் பார்த்துப் புலவர்கள் கொதித்தார்கள். அகலிகை கதையை ‘சாபவிமோசனம்’ என்று திருப்பி எழுதிய புதுமைப்பித்தனோ, ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றிக் கவலையில்லை என்கிற பொருளில் தலைப்பிலேயே ஒரு குறிப்பு வைத்தார். இன்றைய பிள்ளைகள் ‘ஏ/என்’ என்று போட்டு எழுதுகிற ஆசிரியர் குறிப்பு வேறென்ன?

இவ்வளவும் சொன்னபிறகு ரசிகக் கூட்டத்தையும் இரண்டு வார்த்தை கேட்கத்தான் வேண்டும். லேபிள் வாசகருக்கு வழிகாட்டத்தானே? டவுன்ஷிப்பில் வட்டத்துக்கு வட்டம் அத்தைகளும் சித்திகளும் இருக்கிறார்கள், வாராவாரம் கிழித்து பைண்ட் செய்த தொடர்கதையைத் தூசி தட்டித் தட்டிப் படித்தவர்கள். மணிமேகலையைச் சாகவிட்டதற்குக் கல்கியை இன்னும் மன்னிக்காதவர்கள். அவர்களுக்குள் எத்தனை எழுதாத கதை இருக்கும்! எழுத ஆசைப்பட்டு எட்டிப் பார்த்தால் ஓஎஸ், டிஎஸ், எஸ்எஸ், ஏயூ, ஓஓசி. அர்த்தம் கேட்டால் “இதுகூடத் தெரியாதா?” என்று ஒரு பதில். பெரியவரின் சிரிப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வாசலில் நிற்கிற ஆள் மாறியிருக்கிறார், அவ்வளவே.

வழிக்கதை. மூலம்: பொன்னியின் செல்வன். இதில் மணிமேகலை சாகவில்லை. ஒரே பகுதி. இப்படி நாலு துண்டு வாக்கியம் மேலே போட்டால் போதும், அத்தை புரிந்துகொள்வார். பெரியவரும் உட்கார்ந்து படிப்பார். படித்து முடித்து, “கல்கி இப்படி எழுதலையே” என்று சண்டைக்கும் வருவார்.