பம்ப் வாங்கலாம், நேரத்தை எங்கே வாங்குவது?

கிளிநொச்சி நகரில் ஒரு பாமசியில் மூன்று பெட்டிகளை என் முன்னால் அடுக்கி வைத்தார்கள். கையால் அழுத்தித் தாய்ப்பால் எடுப்பது ஒன்று. மின்சாரத்தில் ஒரு பக்கம் மட்டும் எடுப்பது இன்னொன்று. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுப்பது மூன்றாவது. என் மகளுக்கு அப்போது இரண்டரை மாதம். சுயாதீன ஊடகவியலாளருக்குப் பிரசவ விடுமுறை என்று எதுவும் இல்லை, எழுதினால்தான் காசு. முல்லைத்தீவுக்குப் போய்வர வேண்டிய வேலை ஒன்று வந்திருந்தது. காலையில் பஸ் ஏறினால் பின்னேரம்தான் வீடு. எது எனக்குச் சரிவரும் என்று கேட்டேன். கடையில் நின்றவருக்கு விலை மட்டும்தான் தெரிந்திருந்தது.

மலிவான கைப் பம்பை வாங்கினேன். மூன்றாம் நாளே நோவு தாங்க முடியவில்லை. எங்கள் பகுதி குடும்பநல உத்தியோகத்தர் வந்து பார்த்தார். "தங்கச்சி, பம்பில பிழையில்லை, அளவிலதான் பிழை" என்றார். பம்பின் புனல் மில்லிமீற்றர் அளவில் வருகிறது. பெட்டியோடு பெரும்பாலும் 24 அல்லது 28 இருக்கும். பலருக்கு அதைவிடச் சிறியது தேவை. முலைக்காம்பு புனலின் குழாய்க்குள் உரசாமல் அசைய வேண்டும். சுற்றியுள்ள கருவட்டம் அதிகம் உள்ளே இழுபடக் கூடாது. நொந்தால் நிறுத்த வேண்டும். பொறுத்துக்கொண்டால் பழகிவிடும் என்பது தவறு.

பிறகு அவர் கையால் பால் எடுக்கக் காட்டித் தந்தார். கையைக் கழுவி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பின் விரல்களை ஒன்றாக நெருக்கி விட வேண்டும். விரல்களை இடம் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். காசும் இல்லை, கரண்டும் வேண்டாம். பிரசவித்த முதல் நாட்களில் வரும் சீம்பாலுக்குப் பம்பை விடக் கைதான் பெரும்பாலும் நல்லது.

ஆகவே வாங்கப் போகும் தாய்மாருக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இது. எப்போதாவது வெளியே போகிறவர்களுக்குக் கையோ கைப் பம்போ போதும். வாரத்தில் ஐந்தாறு நாட்கள் எட்டு ஒன்பது மணித்தியாலம் பிள்ளையைப் பிரிந்திருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் எடுக்கும் மின் பம்ப் உதவும். கால் மணித்தியாலத்தில் வேலை முடியும். ஆனால் அதில் பற்றரி இருக்கிறதா என்று பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நாங்கள் மறக்கவில்லை. கனடாவிலிருந்து உறவினர் அனுப்புவதாயின் மின்னழுத்தத்தைக் கேளுங்கள். அங்கே 120 வோல்ற், இங்கே 230. அடப்டரில் இரண்டும் எழுதியிருக்க வேண்டும். மற்றவர் பாவித்த பம்பை, பால் மோட்டருக்குள் போகாதபடி மூடப்பட்ட வகை என்று உறுதியாகத் தெரியாமல் வாங்க வேண்டாம்.

எடுத்த பால் 25 பாகை வெப்பத்தில் நான்கு மணித்தியாலம் இருக்கும். வன்னிச் சித்திரை வெயிலுக்கு அந்தக் கணக்குச் சரிவராது. ஐஸ் போட்ட பெட்டி வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வைக்கலாம். கொதிக்க வைக்காமல், சுடுதண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்கி, போத்தலுக்குப் பதில் சிறு கோப்பையால் பருக்குவது நல்லது.

இவ்வளவும் பொருளைப் பற்றியது. ஆனால் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் என் அயலவர் ஒருவர் கேட்ட கேள்வி வேறு. "அக்கா, பம்ப் நீங்கள் தருவீங்கள். எங்க இருந்து எடுக்கிறது?" மார்பு கட்டி நொந்தபோது அவர் வேலையிடத்தின் மலசலகூடத்துக்குள் நின்று பாலை எடுத்து ஊற்றிவிட்டு வந்திருக்கிறார். நான்காம் மாதத்தில் பால் குறைந்துபோனது. பால்மா வாங்கத் தொடங்கினார்.

இலங்கையின் பிரசவ நலன்கள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. தொழிற்சாலைப் பெண்களுக்கு அது தரும் விடுமுறை 12 வாரம். 2018இல் செய்த திருத்தத்தால் மூன்றாவது பிள்ளைக்கும் அதே காலம் கிடைத்தது. அரச ஊழியருக்கு முழுச் சம்பளத்துடன் 84 நாள், அரைச் சம்பளத்துடன் 84, சம்பளமின்றி 84 என்று நீட்டிக்க வழியுண்டு. தொழிற்சாலைப் பெண்ணுக்கு அந்த வழி இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். பிள்ளைக்கு மூன்று மாதமாகும்போதே தாய் வேலைக்குத் திரும்புகிறாள். மிச்ச மூன்று மாதத்தையும் ஒரு பம்பின் தலையில் கட்டிவிட்டோம்.

அதே சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஓர் உரிமை இருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய்க்கு, சாப்பாட்டு இடைவேளைக்கு மேலதிகமாக, நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் கொடுக்க வேண்டும். வேலையிடத்தில் குழந்தை பராமரிப்பு நிலையம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். பிள்ளை பக்கத்தில் இருக்கும் என்று நினைத்து எழுதிய சட்டம் இது. வீடு பஸ்ஸில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருப்பவளுக்கு அந்த இடைவேளை பால் எடுப்பதற்குத்தான் உதவும். அதற்குப் பூட்டக்கூடிய ஓர் அறை, கை கழுவ ஒரு குழாய், ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டி போதும்.

இலங்கையில் பிரசவ விடுமுறையின் செலவு முழுவதும் முதலாளியின் தலையில். இளம் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது. சர்வதேச தொழில் அமைப்பின் 2000ஆம் ஆண்டுச் சமவாயம் குறைந்தது 14 வார விடுமுறையும், செலவைச் சமூகக் காப்புறுதியோ பொது நிதியோ ஏற்பதையும் கேட்கிறது. அப்படியொரு நிதி வந்தால்தான் வயலில் கூலிக்குப் போகிறவளையும், வீட்டில் தைக்கிறவளையும், என்னைப் போன்றவர்களையும் கணக்கில் எடுக்கலாம்.

ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானோருக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்படுவதாக 2016இன் குடிசன, சுகாதார ஆய்வு சொல்கிறது. பெருமைப்படக்கூடிய எண். ஆனால் அதற்கு முந்திய 2006/07 ஆய்வில் வடமாகாணம் சேர்க்கப்படவே இல்லை. எங்கள் தாய்மார் எதிலிருந்து எங்கே வந்தார்கள் என்பதற்கு ஒப்பிட ஒரு எண் இல்லை.

எண் இல்லாத அந்தக் காலத்தை நாங்கள் அறிவோம். 2009 ஏப்ரல் 8ஆம் திகதியளவில் அம்பலவன்பொக்கணையில் பால்மா வரிசையில் நின்ற பெண்கள், பிள்ளைகள் மீது ஷெல் விழுந்ததை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. இறந்த தாய்மார் சிலரின் கைகளில் பால்மா அட்டை இருந்ததையும் அந்த அறிக்கை சொல்கிறது. ஆகவே "பால் காணாது, மா வாங்கு" என்று ஒரு அம்மம்மா சொல்லும்போது அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பயமும் அதிர்ச்சியும் பால் இறங்குவதைத் தாமதப்படுத்தும். பிள்ளை திரும்பத் திரும்பக் குடிக்க, அல்லது எடுக்க எடுக்க, அது மீளும். இதை அதட்டாமல், பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும்.

என் அயலவர் இப்போது இரண்டாவது பிள்ளையை எதிர்பார்க்கிறார். இந்த முறை பம்ப் பற்றிக் கேட்கவில்லை. இடைவேளையும் அறையும் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். தனியாகக் கொடுத்தால் வேலைக்கு வினையாகுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. அதே லைனில் வேலை செய்யும் இன்னும் நான்கு பெண்களின் கையெழுத்துக்கு இடம் விட்டு எழுதிக் கொடுத்தேன். பதில் வராவிட்டால் பிரதியைத் தொழில் திணைக்களத்துக்குக் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறார்.