பேங்க்கும் கடைசி பெஞ்ச்சும்

பேங்க் என்றால் வங்கி, ஆற்றங்கரை. "ரெண்டையும் மனப்பாடம் பண்ணு, காரணம் கேட்காதே" என்றார்கள் பள்ளியில். கேட்டேன். கிடைத்தது கடைசி பெஞ்ச்.

பிறகு அகராதியைப் புரட்டினால், விடை அந்த பெஞ்ச்சிலேயே இருந்திருக்கிறது! பழைய ஜெர்மானிய மொழியில் மேட்டுக்கும் உட்காரும் பலகைக்கும் ஒரே வேர். மேடு ஆற்றங்கரை ஆனது. பலகை ஆங்கிலத்தில் பெஞ்ச், இத்தாலியில் 'பாங்கா'. அந்தப் பலகையில் வைத்துத்தான் காசு மாற்றினார்கள், அதுவே வங்கி. பலகை உடைந்தால் 'பாங்கா ரோட்டா', அதாவது பேங்க்ரப்ட், திவால்!

என்னைக் கேட்டால், அர்த்தத்தோடு வேரையும் சொல்லித் தரவேண்டும். ஐந்து நிமிஷம்தான் ஆகும். மனப்பாடம் செய்த பட்டியல் பரீட்சையோடு போய்விட்டது. இது போகாது. கடைசி பெஞ்ச்சில் உட்கார்ந்தவன் ஆயிற்றே!